வண்டி நிற்கும் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலையூர்க் குடியிருப்புகளில் வாகனம் நிறுத்துவது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குன்னூர், கேத்தி, அரவங்காடு, கோத்தகிரிப் பகுதிகளைச் சேர்ந்தவை. கொடைக்கானலிலிருந்தும் ஒன்று வந்தது. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் அக்கம்பக்கத்தாரைக் குறித்தே எழுதியிருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு சாலையை ஒட்டி இருக்கிறது. வீட்டுச் சுவரின் முன்புள்ள இடத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் காரை நிறுத்தி வருகிறேன். எதிர்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர் சில மாதங்களாக அதே இடத்தில் தம் காரை நிறுத்திவிட்டுப் போகிறார். கேட்டதற்கு, "ரோடு என்ன உங்கள் பட்டாவா?" என்கிறார். பூந்தொட்டிகளை வைத்துப் பார்த்தேன்; அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடியும் நிறுத்துகிறார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தால் எனக்கு அந்த இடத்தில் உரிமை கிடையாதா?
வாசகர், கேத்தி

பதில்: கிடையாது. தாங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துத் தெருச் சண்டைகளில் பாதி இந்த ஒரு நம்பிக்கையிலிருந்துதான் முளைக்கின்றன. பொதுச் சாலையில் எத்தனை ஆண்டு வண்டியை நிறுத்தினாலும் அந்த இடம் நிறுத்தியவருக்குச் சொந்தமாவதில்லை. எதிர்வீட்டுக்காரர் கேட்ட விதம் முறையற்றது. கேட்ட கேள்வி சரியானது.

ஆனால் வீட்டின் முன்புறம் வேறு, வீட்டின் வாயில் வேறு. தங்கள் கேட்டின் முன்னே ஒருவர் வண்டியை நிறுத்தி, உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாதபடி செய்தால், அது விதிமீறல். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதைத் தடுக்கின்றன. காவல்துறையில் புகார் செய்யலாம். வெறும் சுவரின் முன்னே நிறுத்தினால் அந்தப் புகாருக்கு இடமில்லை. ஒரே வண்டி நாள்கணக்கில் அசையாமல் கிடந்தால் மட்டும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு உதவும்: பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்தச் சீருடையிலுள்ள காவல் அலுவலர் உத்தரவிடலாம். போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் வண்டிக்கு அந்தக் காலக்கெடுவும் தேவையில்லை. இந்தப் பிரிவு தங்கள் காருக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பூந்தொட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டி, கல், உடைந்த நாற்காலி, கயிறு கட்டிய இரண்டு கம்பிகள் என்று இடம்பிடிக்கும் முறைகள் நம் ஊரில் பலவகை. பொதுவழியில் பொருளை வைத்து இடையூறு செய்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவின்படி குற்றம். 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 200 ரூபாயாக இருந்தது. தொட்டி தங்களுடையது என்பதால், வழக்கென்று வந்தால் அதில் சிக்குபவர் தாங்கள்தான்.

இனி, தாங்கள் கேட்காத ஒன்று. தங்கள் சாலையின் அகலத்தைத் தாங்கள் குறிப்பிடவில்லை. 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கார் ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலம். சுவரில் உரசாமலிருக்க விடும் இடைவெளியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2 மீட்டர் போய்விடுகிறது. மீதமுள்ள 2 மீட்டரில் இன்னொரு கார் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போய்விடும். லாரி, பேருந்து போன்றவற்றுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அகலமோ 2.6 மீட்டர், தீயணைப்பு வண்டியும் அந்த வகை உடலமைப்பில்தான் வருகிறது. தங்கள் கார் நின்றாலும் சரி, எதிர்வீட்டுக்காரரின் கார் நின்றாலும் சரி, தங்கள் வீட்டுக்கு அப்பால் இருக்கும் அத்தனை வீடுகளுக்கும் தீயணைப்பு வண்டி போக முடியாது. ஆகவே, அந்த இடம் இருவரில் யாருக்கு என்று கேட்பதை விட, அங்கே வண்டி நிற்கலாமா என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

சாலை அகன்ற இடத்தை, குறிப்பாக வளைவு இல்லாத இடத்தை, தெருவினர் சேர்ந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் பயிரில்லாமல் கிடக்கும் துண்டு நிலத்தை மாத வாடகைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் அப்படித்தான் சமாளிக்கிறோம். நான் சாலைக்குக் கீழே 47 படிகள் இறங்கிப் போக வேண்டிய வீட்டில் குடியிருப்பவன். கார் நிற்கும் இடத்துக்கு மேலும் முந்நூறு அடி நடக்க வேண்டும். மழையில் அரிசி மூட்டையோடு நடக்கும்போது கோபம் வரத்தான் செய்கிறது. அந்தக் கோபத்தை எதிர்வீட்டின் மேல் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஓட்டுநர் உரிமம் பெற்றேன். பயிற்சி முழுவதும் மேட்டுப்பாளையத்தில், சமதளத்தில் நடந்தது. எங்கள் தெருவோ நிற்பதற்கே கால் வலிக்கும் ஏற்றம். காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தாலும், அது தானாக நகர்ந்துவிடுமோ என்று மனம் பதறுகிறது. இரவில் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். சரியான முறை என்ன?
வாசகி, அரவங்காடு

பதில்: தங்கள் பதற்றம் தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் முதல் கார் இப்படித்தான் ஒரு மாலையில் தானாகப் பின்னோக்கி உருண்டு, பக்கத்து வீட்டுக் கேரட் பாத்தியில் போய் நின்றது. அன்று நான் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பியிருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஆறடிக்கு ஓரடி உயரும் சரிவில் நிற்கும் 1,200 கிலோ எடையுள்ள காரைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி ஏறக்குறைய 200 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரவு முழுவதும், ஒரு நொடி ஓய்வில்லாமல். அந்த இழுப்பை ஒரே கம்பிவடத்தின் பொறுப்பில் விடக் கூடாது. ஹேண்ட்பிரேக், கியர், சக்கரம் திரும்பியிருக்கும் திசை, சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை என்று நான்கு பிடிகள் இருந்தால், ஒன்று விட்டாலும் மற்றவை தாங்கும்.

வரிசையும் முக்கியம். வண்டியைக் கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இழுங்கள். பிறகு கால் பிரேக்கை மெதுவாக விடுங்கள். வண்டி ஓரங்குலம் அசைந்து, ஹேண்ட்பிரேக்கின் பிடியில் அமர்வதை உணர்வீர்கள். அதன் பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போடுங்கள்: வண்டி மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ். தானியங்கிக் கியர் உள்ள வண்டியானாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பாரம் அதில் இறங்கிய பிறகே "பி" நிலைக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையில் வண்டியைப் பிடித்து வைப்பது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் விரலளவு உலோகக் கொக்கி மட்டுமே. முழுப் பாரத்தையும் அதன் மேல் ஏற்றினால், காலையில் கியரை எடுக்கும்போது "டக்" என்ற சத்தத்தோடு அது தன் வருத்தத்தைத் தெரிவிக்கும்.

சக்கரத்தின் திசையில்தான் சமவெளிப் பாடம் நம்மைக் கைவிடுகிறது. விளிம்புக் கல் இல்லாத சாலையில் சக்கரத்தைச் சாலையோரம் நோக்கித் திருப்பி நிறுத்துங்கள், வண்டி உருண்டாலும் சாலையை விட்டு ஓரமாகப் போய்விடும் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். சமவெளியில் சாலையோரம் என்பது மண். நம் ஊரில் அது பல இடங்களில் நூறடிப் பள்ளம். எனவே, இடப்பக்கம் மலை இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். சக்கரத்தை அந்த மலைப்பக்கமாகவே திருப்பி வையுங்கள். வண்டி மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும், உருண்டால் மண் திட்டில் மோதி நின்றுவிடும். சக்கரம் கால்வாய்க்குள் இறங்குவதும் உண்டு; நான்கு பேர் கை கொடுத்தால் தூக்கிவிடலாம். இடப்பக்கம் பள்ளமாக இருந்தால் சற்று மேலே போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து எதிர்ப்புறம் நிறுத்துங்கள். திருப்பாமல் சாலையின் தவறான பக்கத்தில் நிறுத்துவதும் விதிமீறல்தான்.

சரிவின் கீழ்ப்புறத்தில் சக்கரத்தை ஒட்டி ஆப்பு வடிவில் சீவிய மரக்கட்டையை வைப்பது நல்லது. தெருவில் கிடக்கும் உருண்டைக் கல்லை வைப்பதை விட வைக்காமலே இருக்கலாம். புறப்படும்போது கட்டையை எடுத்து வண்டிக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். லாரிக்காரர்கள் வைத்துவிட்டு எடுக்காமல் போன கல்லில் இடறி, மூடுபனியில் இருசக்கர வாகனக்காரர்கள் விழுந்ததை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் என்ற சொல்லுக்கே அருகதையற்ற செயல் அது.

இன்னுமொன்று: மழைக்காலத்தில் பல நாள்கள் வண்டியை எடுக்காமல் வைத்தால் ஈரத்தில் ஹேண்ட்பிரேக் இறுகி ஒட்டிக்கொள்ளும். அத்தகைய நாள்களில் சமதளமான இடத்துக்குக் கொண்டுபோய், கியரிலும் கட்டையிலும் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விட்டுவைப்பது நல்லது. சரிவில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஏற்றத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் யார் வழிவிட வேண்டும்? சீசனில் வரும் வெளியூர் ஓட்டுநர்கள் விளக்கை அடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடுகிறார்கள்.
வாசகர், வெலிங்டன்

பதில்: இறங்குபவர்தான் ஒதுங்கி நின்று, ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்லப்படுவதன்று. சாலை விதியிலேயே உள்ளது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மீண்டும் கிளப்புவதும், பாரத்தோடு பின்னோக்கி இறக்குவதும் கடினம் என்பதே காரணம். விளக்கை அடித்தால் வெளியூர்க்காரர் "நான் வருகிறேன், நில்" என்று பொருள் கொள்கிறார், நாம் "நீங்கள் வாருங்கள்" என்று பொருள் கொள்கிறோம். இரு சாராரும் ஒரே நேரத்தில் வளைவுக்குள் நுழைகிறோம். இருந்தாலும், ஒதுங்கும் இடம் தங்களுக்குப் பத்தடி பின்னாலும் அவருக்கு இருநூறடி பின்னாலும் இருந்தால், உரிமையைப் பேசிக்கொண்டிருக்காமல் பின்வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மே மாதம் பேரப்பிள்ளைகளோடு காரில் வருகிறாள். பிறந்த வீட்டுக்கு வருவதற்கும் இ-பாஸ் வாங்க வேண்டுமா? விடுதிக்கா வருகிறாள்?
வாசகி, செண்பகனூர், கொடைக்கானல்

பதில்: தங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தம் புரிகிறது, அம்மா. ஆனால் மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் பெறும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் உறவைப் பார்ப்பதில்லை, வண்டியின் பதிவைத்தான் பார்க்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாள்களில் நாளொன்றுக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. மகள் மதுரைப் பதிவெண் கொண்ட காரில் வந்தால் புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளட்டும். வார நாளில் வந்தால் சோதனைச் சாவடியிலும் கூட்டம் குறைவு. பேருந்தில் வந்தால் இந்தக் கவலையே இல்லை, வீட்டு முன்னே வண்டி நிறுத்த இடம் தேடும் கவலையும் இல்லை.

எந்தப் பதிவெண்ணுக்கு விலக்கு என்று இதே பொருளில் குன்னூரிலிருந்து வந்த கடிதத்துக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் டி.என். 43 என்ற பதிவுக்கு விலக்கு. தமிழ்நாட்டுக்குள் வேறு ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள், முகவரி மாறிய 30 நாள்களுக்குள் வண்டியின் பதிவுச் சான்றிலும் அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. எண் மாறாது, முகவரிதான் மாறும். கர்நாடகப் பதிவிலோ கேரளப் பதிவிலோ வண்டியை வாங்கி, 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்றியாக வேண்டும். வரி மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம் மாவட்டத்தில் அதிகம்.

கேள்வி: பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் ஊடே செல்லும் நடைபாதை வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குப் போக முடியும். என் தாத்தா காலத்தில் தோட்டத்துக்காரர்களே "நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறோம். இப்போது என் மகன் பைக் வாங்கியிருக்கிறான். அதை அந்தப் பாதையில் ஓட்டி வரக் கூடாது என்று தோட்டத்தின் இன்றைய உரிமையாளர் கம்பி நட்டுவிட்டார். நடக்கலாம், வண்டி வரக் கூடாது என்கிறார். இது நியாயமா?
வாசகர், அரவேணு

பதில்: நியாயமா என்பதை அப்புறம் பார்ப்போம், சட்டம் பெரும்பாலும் அவர் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாகக் கருதி நடந்து வந்தால் அந்த வழியுரிமை கிடைக்கும். பத்திரங்களில் "மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்று எழுதுவது இதைத்தான். ஆனால் அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருவகை வழியுரிமை இன்னொரு வகை வழியுரிமையை உள்ளடக்காது என்கிறது. நடக்கும் உரிமை வண்டி ஓட்டும் உரிமையாக வளராது. "வண்டி வாகனங்கள் சென்று வரும் பாத்தியம்" என்று பழைய பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் கதை வேறு. முதலில் பெட்டியிலுள்ள பத்திரங்களையெல்லாம் எடுத்துப் படித்துவிடுங்கள்.

தங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி வேறொன்று. "அவர்களே நடந்துகொள்ளுங்கள் என்று சொன்னார்கள்" என்பதைத் தாங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அனுமதி பெற்று நடந்ததை உரிமையாக நடந்ததென்று நீதிமன்றம் எளிதில் ஏற்காது. அந்த ஒரு வாக்கியம் ஐம்பது ஆண்டு நடையையும் பலவீனமாக்கிவிடக்கூடும். நடைவழியையே யாராவது அடைத்தால், அடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருவாய்த்துறையின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) "அ" பதிவேட்டையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். அந்தப் பாதை அரசின் பாதையாகக் குறிக்கப்பட்டிருந்தால் கம்பி நட அவருக்கு உரிமையில்லை. சர்வேயர் அளந்து காட்டுவார். அப்படி இல்லையென்றால் அவரிடமே போய், பாதையை ஓரடி அகலப்படுத்திக்கொள்ளும் செலவையும், மிதிபட்டு வீணாகும் செடிகளுக்கு ஈடான தொகையையும் தருவதாகப் பேசி, இருசக்கர வாகனத்துக்கு மட்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்து பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் நடப்பதற்குத் தடை சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பேசக்கூடிய மனிதராகத்தான் எனக்குத் தோன்றுகிறது. மகன் அந்தக் கம்பியைப் பிடுங்கி எறிவதற்கு முன்பு தாங்கள் போய்ப் பேசிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு சாலை மட்டத்திலேயே இருக்கிறது, பின்னால் பதினைந்தடி உயரத்துக்கு மண் திட்டு. அதில் பத்தடி அகலத்துக்கு வெட்டினால் கார் ஷெட் கட்டிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார். பொக்லைன் கொண்டுவந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடுமாம். திட்டின் மேல் இரண்டு சீகை (வாட்டில்) மரங்களும் ஒரு கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நிற்கின்றன. வெட்டலாமா?
வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் என்பதுதான் என் முதல் சொல். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். திட்டின் அடிப்பகுதிதான் அதன் மேற்பகுதியைத் தாங்கி நிற்கிறது. அடியில் செங்குத்தாக வெட்டியதும் மேலுள்ள மண்ணுக்குக் கால் போய்விடுகிறது. வெயிலில் அது நிற்கும். கொத்தனார் சம்பளம் வாங்கிக்கொண்டு போன பிறகும் நிற்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூரிலும் கோத்தகிரியிலும் அடித்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண் நீரைக் குடித்துப் பாரமாகி, பிடிப்பும் தளர்ந்து, ஒரே இரவில் இறங்கிவிடும். இறங்குமிடத்தில் தங்கள் கார் மட்டுமன்று, தங்கள் சமையலறையும் இருக்கிறது.

"ஒரே நாளில் முடியும்" என்ற சொல்லே எனக்கு அச்சமூட்டுகிறது. நம் மாவட்டத்தில் பொக்லைன் போன்ற மண் அள்ளும் இயந்திரங்களை நிர்வாகத்தின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் சிலர் விடுமுறை நாளில் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். மரங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு: 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்தில் நிற்கும் மரமானாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். அந்த மரங்கள் புயல்காற்றில் சாயக்கூடியவை என்ற அச்சம் உண்மையானது. அதைக் காரணமாகச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் மரத்தை வெட்டி வேரையும் பிடுங்கினால் மண்ணைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்ததாகும். அடிவேரை விட்டுவைக்க வேண்டும்.

கட்டியே தீர வேண்டும் என்றால், கட்டுமானப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்து வந்து காட்டுங்கள். தடுப்புச்சுவரின் வரைபடத்தோடு உள்ளாட்சி அமைப்பில் அனுமதி வாங்குங்கள். சுவர் எவ்வளவு தடிமன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். சுவரின் பின்னே ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாகக் கசிவுத் துளைகள் விட்டு, அந்த நீர் சாலையோரக் கால்வாயில் சேரும்படி செய்ய வேண்டும். துளை வைக்காத சுவர் தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணையாகிவிடுகிறது. அந்த அழுத்தத்தில் வயிறு முன்தள்ளி நிற்கும் தடுப்புச்சுவர்களைக் குன்னூரில் எந்தத் தெருவிலும் காணலாம். துளைகளில் புல் முளைத்து அடைத்துக்கொள்ளாமல் ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், குச்சி விட்டுப் பார்த்துவிடுங்கள்.

கால்வாயைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கார் ஏறி வருவதற்காகச் சாலையோரக் கால்வாயின் மேல் பலகைக் கல் போட்டு, மண்ணையும் நிரப்பி மூடிவிடுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த மழையில் அந்தத் தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடிப் பள்ளத்துப் பக்கத்து விளிம்பை அரிக்கிறது. கீழ்வீட்டின் கூரைக்கு மேலே இருக்கும் மண் ஊறுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழை தேவையில்லை. எட்டு சென்டிமீட்டர் போதும், மூடிய கால்வாய் தன் வேலையைக் காட்டுவதற்கு. தாங்கள் வழியமைத்தால் நீர் தாராளமாகப் போகும் அளவுக்குக் குழாய் பதித்தோ, கழற்றி எடுக்கக்கூடிய கம்பிச் சட்டம் போட்டோ அமையுங்கள்.

ஷெட் இல்லாமல் திறந்தவெளியில் நிற்கும் காருக்குக் காப்பீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ முழுமைக் காப்பீடு இழப்பீடு தரும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் தராது. ஷெட் கட்டும் செலவோடு அந்தத் தவணைத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: தை மாதத்தில் காலையில் காரின் முன்கண்ணாடி முழுவதும் உறைபனி படிந்துவிடுகிறது. அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று வெந்நீர் ஊற்றலாமா?
வாசகர், ஃபிங்கர்போஸ்ட், ஊட்டி

பதில்: ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். இரவிலேயே பழைய போர்வையையோ அட்டையையோ கண்ணாடியின் மேல் போட்டு, துடைப்பான்களால் அழுத்தி வையுங்கள்; காலையில் உரித்து எடுத்தால் பனியும் போய்விடும். மறந்துவிட்டால் சாதாரணத் தண்ணீரும் பிளாஸ்டிக் அட்டையும் போதும். கண்ணாடியில் கையகலத் துளை மட்டும் துடைத்துக்கொண்டு வண்டியை எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் அது கொலைக்குச் சமமான அலட்சியம்.

கேள்வி: இரவுப் பணி முடிந்து வரும்போது, நான் வழக்கமாகக் கார் நிறுத்தும் இடத்தில் காட்டுமாடுகள் படுத்திருக்கின்றன. ஹாரன் அடித்தால் எழுந்து போகுமா?
வாசகர், கோத்தகிரி

பதில்: எழும், எந்தப் பக்கம் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். வளர்ந்த ஆண் மாடு தங்கள் காரின் எடையில் பாதிக்கு மேல் கூட இருக்கலாம். ஹாரன் அடிக்காமல், முகப்பு விளக்கை மங்கலாக்கி, நாலைந்து கார் நீளம் தள்ளியே நில்லுங்கள், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். கன்று உடனிருந்தால் இன்னும் பின்னால் போய்விடுங்கள். வண்டியை விட்டு இறங்கிக் கைதட்டி விரட்டும் வீரம் வேண்டாம். கால் மணி நேரம் பார்த்தும் அவை நகராவிட்டால், அன்றைக்கு அந்த இடம் அவற்றுக்கு என்று விட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் விளக்கு எரியும் அகன்ற இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். அங்கிருந்து தனியாக இருட்டில் நடந்து வர வேண்டாம். வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லி, டார்ச்சோடு யாரையாவது வரச் சொல்லுங்கள்.